சாயிரா பானு பார்த்தும் சொல்லாதது

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவின் மாடிவீட்டில் வசிக்கும் சாயிரா பானு, தம் நாற்பத்து நான்காம் வயது வரை சமையலறையை எவரிடமும் ஒப்படைத்தவர் அல்லர். காய்ச்சலோடு நின்று சமைத்திருக்கிறார். மாமியார் இறந்த வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அவரே உலை வைத்தார். அவருடைய நெய்ச்சோற்றையும் அதற்கு ஊற்றிக்கொள்ளும் தால்ச்சாவையும் பற்றி உறவினர்களிடையே பேச்சு வரும்போது, ‘அளவு என்ன?’ என்று கேட்பவர்களுக்கு, ‘கை சொல்லும்’ என்பதைத் தவிர வேறு விடை கிடைத்ததில்லை.

அவர் பிறந்தது புதுச்சத்திரத்தில். தந்தையார் நெடுஞ்சாலை ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். மணமாகிச் சேலம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் அவ்வூர்ப் பேச்சு அவர் நாவைவிட்டு அகலவில்லை. ‘ஊட்டுக்கு வாரீங்களா?’ என்று அவர் தொலைபேசியில் கேட்டால், ‘ஊடு எங்க இருக்குன்னு தெரியல, வீடு இருந்தா சொல்லு, வர்றேன்’ என்று கணவர் முகம்மது ஹனீப் கடையிலிருந்தபடியே கேலி செய்வார். ஹனீப்புக்கு லாரி உதிரிபாக வியாபாரம். குரல் உயர்த்தாதவர், மனைவி வைத்ததை உண்டு, பாராட்டி, எழுந்து போய்விடுவார். உண்ட தட்டை அவர் எடுத்து யாரும் கண்டதில்லை.

பிள்ளைகள் இருவர். மூத்தவள் ஷைமா, பதினொன்றாம் வகுப்பு மாணவி. இளையவன் வாஜித், ஒன்பதாம் வகுப்பு. ஷைமா பத்து வயதில் ஒருமுறை, தாய்க்குத் தலைவலி என்று தேநீர் போடப் போனாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சாயிரா திட்டவில்லை, ஒரு சொல்லும் பேசாமல் துணியை எடுத்து அடுப்பை நெடுநேரம் துடைத்தார். அந்த மௌனத்துக்குப் பிறகு அவள் சமையலறைக்குள் நுழைந்தது தண்ணீர் குடிக்க மட்டுமே.

இந்த ஏற்பாடு சென்ற தை மாதத்தில் குலைந்தது. கறிக்கடைக்குச் சென்று திரும்புகையில், சாலை வளைவில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சாயிராவின் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்கை வரை மாவுக்கட்டு. அதே வாரத்தில் ஹனீப்பின் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. சில ஆண்டுகளாகவே இருந்த சர்க்கரை நோய் இப்போது அளவு மீறியிருந்தது. மருத்துவர் தீனதயாளனைப் பார்க்க நால்வரும் சேர்ந்தே போயினர்.

மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, வீட்டில் இப்போது சமைப்பது யார் என்று கேட்டார். ஓட்டலிலிருந்து வருகிறது என்றார் ஹனீப். மருத்துவர் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார்.

“நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?”

“சாப்பிடறோம் டாக்டர்,” என்றான் வாஜித்.

மருத்துவர் சிரிக்கவில்லை. ஓட்டல் சோறு இன்னும் ஒரு மாதம் தொடர்ந்தால் இவருக்கு ஊசி போடத் தொடங்க வேண்டியிருக்கும் என்றார். நோயாளிக்குத் தனிச் சமையல் வேண்டியதில்லை. நால்வரும் ஒரே உணவை உண்ண வேண்டும். அதை இந்தப் பிள்ளைகளே வாரத்துக்கு முன்கூட்டித் திட்டமிட்டு, காய் வாங்கி, சமைக்க வேண்டும் என்றார். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கே தானியம் என்று விரலால் மேசைமீது வட்டம் வரைந்து காட்டினார். ஷைமா அந்த வட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்ததாக நோன்புப் பேச்சு எழுந்தது. ரமலானுக்குச் சில வாரங்களே இருந்தன. இந்த ஆண்டு நோன்பு வேண்டாம் என்பதே தம் கருத்து என்றார் மருத்துவர். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்று ஹனீப் தலைகுனிந்தபடி சொன்னார். அவருடைய பணிவே அவர் இணங்கப்போவதில்லை என்பதைக் காட்டிற்று. இறுதியில் மருத்துவர் மாத்திரைகளை மாற்றி எழுதினார். முழு அளவை நோன்பு திறந்த பின்னும், பாதியளவை விடியலுக்கு முந்தைய சஹர் உணவின்போதும் போட வேண்டும். நோன்பின் நடுவில் விரலில் குத்திச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் அக்கணமே நோன்பைத் திறந்துவிட வேண்டும். பின்னர், ஷைமாவை நேராகப் பார்த்துச் சொன்னார்:

“வயிறு நெறையச் சாப்பிட்டாத்தான் அந்த மாத்திரை. சாப்பிடாம போட்டா இருக்கற சர்க்கரையையும் இறக்கிடும். ஆளு மயங்கி விழுந்துருவாரு. புரியுதா?”

புரிந்தது என்றாள். அன்று முதல் வீட்டில் இந்த வாக்கியத்தை அவள் பலமுறை திருப்பிச் சொன்னாள். சாயிராவுக்கும் அது மனப்பாடமாயிற்று.

சமையல் தொடங்கிய முதல் வாரம் சண்டையிலேயே கழிந்தது. சாயிரா ஒரு நெகிழி நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு, மாவுக்கட்டுக் கையை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்தார். எண்ணெய் போதாது என்பார். பீன்ஸை இப்படி நறுக்கினால் மாடுகூட முகர்ந்து பார்க்காது என்பார். வாஜித் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ‘மாட்டுக்கு வேணும்னா தனியா நறுக்கித் தர்றேன், முதல்ல மனுசங்களுக்கு முடிக்கறேன்’ என்று முணுமுணுத்தான். தாயின் குரல் எழும்போதெல்லாம் ஷைமா செய்துகொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினாள். நான்காம் நாள் அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

“அம்மா, நான் சமைக்கணும்னா நீங்க இங்க உக்காரக் கூடாது. உங்க கட்டுப் பிரிக்கற வரைக்கும் சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. இல்லன்னா ஓட்டல்லயே வாங்கிக்கலாம்.”

மகள் தம்மிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. சாயிரா கணவரைப் பார்த்தார். அவர் செய்தித்தாளைப் பார்த்தார். சாயிரா இடது கையால் நாற்காலியை இழுத்துச் சென்று கூடத்தில் போட்டுக்கொண்டார். “சரி, சொல்லல,” என்றார்.

சொன்ன சொல்லை அவர் காத்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். பள்ளியிலிருந்து வந்ததும் அக்காளும் தம்பியும் மறுநாளைக்கு என்னவென்று பேசி முடிவு செய்வார்கள். விடிந்ததும் வாஜித் உழவர் சந்தைக்கு மிதிவண்டியில் போவான். புடலங்காயும் முள்ளங்கியும் பாசிப்பருப்பும் சேர்ந்த கூட்டு, கீரை மசியல், மீன் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு குன்று அவரைக்காய் எனத் தட்டுகள் மாறின. வாரம் மூன்று நாள் இருந்த ஆட்டிறைச்சி வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாயிற்று. ஹனீப்பின் சர்க்கரை மெல்ல இறங்கியது. கண்டு விசாரிக்க வந்த உறவுப் பெண்கள் ஷைமாவின் கன்னத்தைத் தொட்டு, ‘சாயிரா, இனிமே உனக்கு வேலையே இல்ல’ என்றார்கள். சாயிரா சிரித்தார். அந்தச் சொல் அவருக்குப் பாராட்டாகப் படவில்லை.

ரமலான் பிறந்தது. சஹருக்கு என்ன சமைப்பது என்பதில் ஷைமா மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டாள். வெள்ளைச் சோறு விரைவில் செரித்துவிடும். கம்பு மெதுவாகச் செரித்து மாலை வரை தாங்கும் என்று படித்திருந்தாள். எனவே கம்பஞ்சோறு, தட்டைப்பயறுக் குழம்பு, ஒரு கீரை, முட்டை என்று வகுத்தாள். அந்நேரத்தில் சுடுசோற்றில் முந்தைய நாள் ஆட்டுச் சால்னாவை ஊற்றிப் பிசைந்து உண்டு, மேலே தயிரும் வாழைப்பழமுமாக முடிப்பதே இருபது ஆண்டுகளாக ஹனீப்பின் வழக்கம். முதல் நாள் அவர் கம்பஞ்சோற்றை இரண்டு வாய் உண்டார். “நல்லா இருக்கும்மா,” என்றார். பிள்ளைகள் தண்ணீர் எடுக்கவும் பல் துலக்கவும் எழுந்த இடைவெளியில் தம் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அங்கே ஒரு மூடிபோட்ட கழுநீர் வாளி உண்டு. தெருவுக்குப் பால் ஊற்றுபவர் தம் மாட்டுக்காகக் காலையில் அதை எடுத்துச் செல்வார். மூடி திறந்து மூடும் ஓசை கூடத்தில் இருந்த சாயிராவுக்குக் கேட்டது. திரும்பி வந்த ஹனீப் ஒரு பேரீச்சம்பழமும் தேநீரும் எடுத்துக்கொண்டு, பாதி மாத்திரையை விழுங்கி, வாய் கொப்பளித்து, நோன்பு நோற்பதற்கான நிய்யத் என்னும் உறுதிமொழியைச் சொன்னார். “அத்தா தட்ட அவங்களே கழுவறாங்க, பாத்தியா,” என்று ஷைமா தம்பியிடம் பெருமையாகச் சொன்னாள். தட்டு எடுக்காத மனிதர் தட்டு எடுத்தால் அதற்கு என்ன பொருள் என்று தெரிந்தவர் அவ்வீட்டில் ஒருவர்தான்.

அவர் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சொல்லவில்லை. ஒரு நாள் பால்காரர் வருவதற்கு முன் போய் மூடியைத் திறந்து பார்த்தார். கம்பஞ்சோறு அப்படியே கிடந்தது. பேரீச்சம்பழமும் தேநீரும் உள்ளே போயிருக்கின்றன, அது போதும் என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதையும் நினைத்துக்கொண்டார். இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு நினைவும் இருந்தது. அதை அவர் அப்போது கிளறிப் பார்க்கவில்லை.

பதினோராவது நோன்பு அன்று மாசி வெயில் கடுமையாக இருந்தது. ஷைமா தேர்வு எழுதிவிட்டு வந்து, நோன்பு திறப்பதற்கான கஞ்சிக்கு அரிசியும் பாசிப்பருப்பும் காய்களும் நறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வாஜித் கொண்டைக்கடலையை வேகவைத்து இறக்கியிருந்தான். பிற்பகல் அசர் தொழுகை முடிந்த சிறிது நேரத்துக்கெல்லாம் படிக்கட்டில் காலடியோசை கேட்டது. வழக்கமாக நோன்பு திறக்கச் சற்று முன்தான் வீடு சேரும் ஹனீப் அன்று முன்னதாகவே வந்தார். மேல்படியில் சிறிது நேரம் நின்றார். உள்ளே வந்து நாற்காலியில் சரிந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மின்விசிறி ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று கேட்டார். அது முழு வேகத்தில்தான் சுற்றியது. வாஜித் அதைச் சொன்னான்.

“வேலைக்காகாத பய. பதில் மட்டும் பேசத் தெரியுது.”

குரல் வீடெங்கும் அதிர்ந்தது. வாஜித் ஓர் அடி பின்வாங்கினான். தந்தை தன்னை அப்படித் திட்டி அவன் கேட்டதே இல்லை. ஷைமா கரண்டியோடு வெளியே வந்து தந்தையின் நெற்றியைப் பார்த்தாள். வியர்வை துளித்துளியாக நின்றது. மடியிலிருந்த விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்தாள்.

“அதத் தூக்கிட்டுப் போம்மா. ரத்தம் வந்தா நோன்பு போயிரும்.”

“போகாதுத்தா. டாக்டர் பாக்கச் சொல்லியிருக்காரு.”

“டாக்டருக்கு நோன்பப் பத்தி என்ன தெரியும்?”

நோன்புக் காலத்தில் ஒரு நாளும் அவர் விரலைக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் சாயிராவுக்கு உறைத்தது. ‘கடைக்குப் பக்கத்துல மருந்துக் கடையில பாத்துக்கறேன்’ என்று மகளிடம் சொல்லிவந்தார், மகளும் நம்பியிருந்தாள். ஷைமா அவர் கையைப் பற்றினாள், அவர் உதறினார். உதறிய வேகத்தில் கருவி தரையில் விழுந்து மேசைக்கு அடியில் ஓடியது.

வாஜித் யாரிடமும் சொல்லாமல் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, ஒலிபெருக்கியை அழுத்தித் தந்தையின் முன் நீட்டினான்.

“ஹனீப் பாய்,” என்றது ஹஜ்ரத்தின் குரல், “விரல்ல குத்திப் பாக்கறதால நோன்பு முறியாது. பாருங்க. உயிருக்கு ஆபத்துன்னு வந்தா நோன்பத் திறந்துருங்க. ஒடம்பு தேறுனப்பறம் இன்னொரு நாள் புடிச்சுக் களா செஞ்சுக்கலாம். ஆபத்துன்னு தெரிஞ்சும் புடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லி மார்க்கம் சொல்லல.”

ஹனீப் விரலை நீட்டினார். ஷைமா மேசைக்கு அடியிலிருந்து கருவியை எடுத்து வந்து குத்தினாள், ஒரு பொட்டு இரத்தம் சோதனைப் பட்டையில் ஏறியது. கருவி ஐம்பத்தெட்டு என்று காட்டியது.

வாஜித் சமையலறைக்கு ஓடி ஒரு குவளைத் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கலக்கினான். கரண்டி குவளையில் மோதும் ஓசை கேட்டதும் ஹனீப் தலையை ஆட்டினார். அந்தக் கருவி கீழே விழுந்ததில் கெட்டுப்போயிருக்கும் என்றார். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கிறது என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறி வந்தன.

“சஹர்ல வயிறு முட்டச் சாப்பிட்டேன். நீதான வெச்ச? கம்பு சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு நீதான சொன்ன? அப்பறம் எப்படி எறங்கும்?”

ஷைமா தயங்கினாள். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. அவ்வளவு உணவு உண்டவருக்கு, பாதி மாத்திரையில், இந்நேரத்தில் இவ்வளவு இறங்கக்கூடாது. கருவி விழுந்ததும் உண்மை. அவள் குவளையை வாங்காமல், பெட்டியைத் திறந்து புதிய பட்டை ஒன்றைத் தேடத் தொடங்கினாள். பட்டைக் குப்பியின் மூடி திறக்கவில்லை. திறந்தபோது பட்டைகள் தரையில் சிதறின. “இன்னொரு தடவ பாத்துரலாம்,” என்று தனக்குள்போலச் சொல்லிக்கொண்டாள். ஹனீப்பின் தலை நாற்காலியின் பின்புறத்தில் சாய்ந்தது. கண்கள் பாதி மூடின.

அவ்வீட்டில் ஹனீப்புக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்பவள் ஷைமா ஒருத்தியே. அந்த ஒருத்தியும் ஒரு பொய்யை நம்பித் தரையில் பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாயிரா எழுந்தார். மாவுக்கட்டுக் கை நாற்காலியின் கைப்பிடியில் இடித்தது. வலி தோள்வரை பாய்ந்தது. கணவரின் முன்னால் போய் நின்றார்.

“நோன்பு வெச்ச வாயால பொய் சொல்லாதீங்க.”

ஹனீப் கண்ணைத் திறந்தார். சாயிரா மகளின் பக்கம் திரும்பினார்.

“அவரு சாப்பிடல ஷைமா. இன்னிக்கு மட்டுமில்ல. மொதோ நோன்புல இருந்தே சாப்பிடல. தட்டத் தூக்கிட்டுப் போயி கழுநீர் வாளியில கொட்டிட்டு வந்து மாத்திரை போட்டாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

சமையலறையில் கஞ்சி அடிப்பிடிக்கும் மணம் எழுந்தது. ஹனீப் மனைவியைப் பார்க்கவில்லை. தரையில் முழங்காலிட்டிருந்த மகளையே பார்த்தார். ஷைமா கையிலிருந்த பட்டைகளை மேசைமீது வைத்தாள். எழுந்து தம்பியிடமிருந்து குவளையை வாங்கினாள்.

“குடிங்கத்தா.”

அவர் கை நீட்டினார். ஆனால் குவளையைப் பிடிக்க இயலவில்லை. சாயிரா இடது கையால் அதைத் தாங்கி அவர் உதட்டில் வைத்தார். ஹனீப் பிஸ்மில்லாஹ் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். முதல் மிடறில் அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. வாஜித் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான்.

கால் மணி நேரம் கழித்துச் சோதித்தபோது எண்பத்து நான்கு. ஷைமா அவருக்கு இரண்டு இட்லியும் பருப்பும் கொடுத்து, உண்டு முடிக்கும் வரை எதிரே அமர்ந்திருந்தாள். பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. மற்ற மூவரும் நோன்பு திறந்தனர். அடிப்பிடித்த கஞ்சியை யாரும் குறை கூறவில்லை. ஷைமா ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தின்னாமல் இருந்தாள்.

மறுநாள் காலை மருத்துவர் தீனதயாளன் குரலை உயர்த்தாமலேயே முடிவைச் சொன்னார். இந்த ஆண்டு இனி நோன்பு இல்லை. மாத்திரையை மாற்ற வேண்டும். அடுத்த ஆண்டைப் பற்றி அடுத்த ஆண்டு பார்க்கலாம். ஹனீப் மறுக்கவில்லை. திரும்பும் வழியில் ஆட்டோவின் ஓரத்தில், முகத்தை வெளிப்புறமாகத் திருப்பியபடி வந்தார்.

வீடு சேர்ந்ததும் ஷைமா ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். எதை உண்ண முடியும், எதை முடியாது என்று கேட்டாள். ஹனீப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கம்பு அந்நேரத்துக்கு எறங்கலம்மா. தொண்டையில நிக்குது. ஒனக்கு மனசு கஷ்டமாயிரும்னுதான்… நீ ஆசையா வெச்ச.”

“நான் ஆசைக்கு வெக்கலத்தா. உங்க சுகருக்கு வெச்சேன். எறங்கலன்னு மொதோ நாளே சொல்லியிருந்தா கோதுமை ரவை வெச்சிருப்பேன். சிவப்பரிசி வெச்சிருப்பேன். நூறு வழி இருக்கு. நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் தலையசைத்தார். தட்டைப்பயறு நன்றாகவே இருந்தது, அது பொய்யில்லை என்று சொல்லிப் பார்த்தார். ஷைமா அதை நம்புவதா வேண்டாமா என்று அவர் முகத்தை ஆராய்ந்தாள். கீரையில் பூண்டு அதிகம் என்றார். முட்டையை வேகவைத்துக் கொடுப்பதைவிட வெங்காயம் போட்டுப் பொரித்தால் உண்ணலாம் என்றார். இருபது ஆண்டுகளில் தாம் எதை விரும்புவதில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லியது இதுவே முதல் முறை. கூடத்து நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சாயிராவுக்கு, தம் தால்ச்சாவையும் இவர் உண்மையிலேயே விரும்பித்தான் உண்டாரா என்ற ஐயம் எழுந்தது. கேட்கவில்லை.

பேச வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது என்று தாய்க்கும் மகளுக்கும் தெரியும். முந்தைய நாள் மாலையிலிருந்து ஷைமா தாயிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஹனீப் படுக்கப் போனதும், வாஜித் காய் வாங்கக் கிளம்பியதும் அவள் வந்து கூடத்தில் நின்றாள்.

“நீங்க ஏம்மா சொல்லல?”

“நீதான சொல்லக் கூடாதுன்ன?”

“சாப்பாட்டப் பத்தித்தான் சொல்லக் கூடாதுன்னேன். அத்தா சாப்பிடலங்கறது சாப்பாட்டப் பத்தின பேச்சா?”

சாயிரா மாவுக்கட்டின் விளிம்பை விரலால் நெருடினார். வாக்கு, பேரீச்சம்பழம், தேநீர் என்று அவர் அதுநாள்வரை தமக்குச் சொல்லிவந்த சமாதானங்கள் எல்லாம் கைவசம் இருந்தன. அவற்றுள் எதையும் அவர் எடுக்கவில்லை.

“ஒன்னோட சாப்பாடு அவருக்கு எறங்கலன்னு பாத்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு கண்ணு. நீ தோத்துட்டு எங்கிட்ட வருவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மாத்திரை ஞாபகம் வந்துச்சு. வந்தும் பேசாம இருந்தேன்.”

மகள் அழுவாள் என்றோ, கதவை அறைந்துவிட்டுப் போவாள் என்றோ சாயிரா எதிர்பார்த்தார். தெருவில் தண்ணீர் வண்டி வந்து மணியடித்துவிட்டுப் போனது.

“இன்னிலருந்து அத்தாவுக்கு மதியச் சாப்பாடு வேணும்,” என்றாள் ஷைமா. “நம்ம மூணு பேருக்கும் நோன்பு. யாரு சமைக்கறது?”

“நீதான்.”

“தட்டுல மிச்சம் வெச்சா?”

“அந்த நிமிசமே சொல்றேன்.”

“நல்லா இல்லன்னாலும் சொல்லணும். பொய்யா நல்லா இருக்குன்னா ரெண்டு பேர்ல யாரையும் இனிமே நம்ப மாட்டேன்.”

சாயிரா ஒப்புக்கொண்டார். ஷைமா உள்ளே போனாள். பாத்திரங்கள் உருளும் ஓசையும், குழாயில் தண்ணீர் விழும் ஓசையும் கேட்டன. மகள் தம்மை மன்னித்துவிட்டாளா என்பது சாயிராவுக்குத் தெரியவில்லை. அதை அவரால் கேட்கவும் இயலவில்லை. நண்பகலில் ஹனீப்பின் முன் சிவப்பரிசிச் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் மீனும் வைக்கப்பட்டன. வீட்டில் நோன்பில்லாமல் ஒருவராக அமர்ந்து உண்ணும் வெட்கம் அவர் முகத்தில் தெரிந்தது. ஷைமா எதிரே நின்றாள். சாயிரா தம் நாற்காலியை இழுத்து வந்து, தட்டு நன்றாகத் தெரியும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.